ஏசி சூடாக வந்தால் காஸுக்கு முன் விசிறியைப் பாருங்கள்

கிளிநொச்சியில் இருந்து வாடகைக் கார் ஓடுகிறேன். என் காரில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு வைத்தியசாலைக்குப் போகிறவர்கள். வவுனியாவுக்குக் கிளினிக் காட்டப் போகும் ஐயாமார், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கண் சத்திரசிகிச்சைக்குப் போகும் ஆச்சிமார், பச்சைக் குழந்தையோடு புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு திரும்பும் தாய்மார். சோளகம் தொடங்கினால் வன்னியில் பகல் வெப்பம் 35 பாகையைச் சாதாரணமாகத் தொடும். காற்றும் அனல், தூசியும் கண்ணைக் குத்தும். அந்த நேரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நோயாளியை இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே என் காரின் ஏசியை நான் பிரேக்குக்கு அடுத்தபடியாக வைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஏசி ஒருநாள் சூடான காற்றை ஊதத் தொடங்கியது. அதிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இங்கே கராஜுக்குப் போனால் பத்தில் எட்டுப் பேருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "காஸ் முடிஞ்சிருக்கும் அண்ணை, அடிச்சு விடுறன்." எனக்கும் அதுதான் கிடைத்தது. காஸ் அடித்தார்கள். ஏ9 வீதியில் ஏறி ஓடியபோது நன்றாகக் குளிர்ந்தது. முறிகண்டியில் வழக்கம்போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். பின்னால் இருந்த ஆச்சி இறங்க முடியாதவர் என்பதால் என்ஜினை நிறுத்தாமல் ஏசியோடு விட்டுவிட்டு இறங்கினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஆச்சி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். "தம்பி, இதுக்குள்ளால நெருப்புக் காத்தெல்லோ வருது" என்றார். மறுபடி ஓடத் தொடங்கினோம். மாங்குளம் வருவதற்கு முன்னமே குளிர் வந்துவிட்டது.

மறுபடி அதே கராஜ். "இன்னும் கொஞ்சம் காஸ் குறைவு" என்று கூட்டி அடித்தார்கள். நிற்கும்போது வரும் சூடு முன்னையதைவிட அதிகமானது.

பரந்தனில் வாகன எலக்ட்ரீசியன் ஒருவர் இருக்கிறார். வயதானவர், பொறுமைசாலி. அவரிடம் கொண்டுபோனபோது பொனற்றைத் திறக்கும் முன்னமே அவர் கேட்டது ஒரே கேள்வி: "நிக்கேக்க சூடா, ஓடேக்க சூடா?" நான் நடந்ததைச் சொன்னேன். "அப்ப காஸில கை வைக்கத் தேவையில்லை" என்றார். ஏசி பழுதுபார்ப்பில் இதைவிடப் பெறுமதியான கேள்வி ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை. அது ஏன் என்று விளங்க, காஸ் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில், நாங்கள் இங்கே ஓட்டும் வயதுடைய பெரும்பாலானவற்றில், இருப்பது ஆர்134ஏ என்ற காஸ். சாதாரண காற்றமுக்கத்தில் அது சைபருக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். டாஷ்போட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் அது குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கொம்பிரசர் இழுத்து நசுக்கி, கொதிக்கக் கொதிக்க முன்பக்கக் கொண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாக வந்து, எக்ஸ்பான்ஷன் வால்வில் அழுத்தம் இறங்கி, மறுபடி கூலிங் கொயில். இதே காஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பெற்றோலைப் போல எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை அது. காஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது. றப்பர் ஹோஸ்கள் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் போவது இயல்பு. ஆனால் போன மாதம் அடித்த காஸ் இந்த மாதம் "முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், ஓட்டையைத் தேடாமல் பணம் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். கார் ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே கொண்டென்சரில் மோதும். நிற்கும்போது அந்த வேலையை விசிறி ஒன்றுதான் செய்ய வேண்டும். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடாகிறது என்றால், கொண்டென்சர் வெப்பத்தை வெளியே விட முடியாமல் திணறுகிறது என்பதே முதற் சந்தேகம். ஒன்றில் விசிறி சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. காஸ் கூடிப்போனாலும் இப்படித்தான் வரும். திரவம் கொண்டென்சரில் தேங்கி, ஆவி குளிர்வதற்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டாவது தடவை காஸ் கூட்டி அடித்த பிறகு என் காரின் நிலைமை மோசமானது.

பரந்தன் எலக்ட்ரீசியன் செய்து காட்டிய சோதனை ஒன்றை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். காரை நிழலில் நிறுத்தி, ஏசியை முழுக் குளிரில் போட்டு, சூடான காற்று வரும்வரை விடுங்கள். பிறகு தண்ணீர்க் குழாயால் முன் கிறில் வழியாகக் கொண்டென்சரில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வரும் காற்று குளிரத் தொடங்கினால் காஸும் கொம்பிரசரும் பெரும்பாலும் சரி. குறை வெளியே வெப்பம் போகும் பக்கத்தில். என்ஜினின் சூடான பாகங்களிலும் வயரிங்கிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் காரில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே குளிர் வந்தது.

அப்புறம் ஒரு கடதாசி. ஏசி ஓடும்போது கிறிலுக்கு முன்னால் ஒரு கொப்பித் தாளைப் பிடித்தால், விசிறி அதை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். என் காரில் தாள் ஒட்டவில்லை, லேசாக ஆடியது. விசிறி சுற்றத்தான் செய்தது. அதனால்தான் முதல் கராஜில் "விசிறி வேலை செய்யுது" என்று விட்டிருக்கிறார்கள். மோட்டாரின் காபன் பிறஷ் தேய்ந்து வேகம் குறைந்திருந்தது. சுற்றுகிறதா என்று பார்ப்பது போதாது, இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் மாற்றிய கார்களில் இன்னொன்றும் நடக்கும்: வயரை மாற்றிக் கொடுத்து விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சத்தம் பலமாகக் கேட்கும், காற்று முன்னால் வெளியே வரும். அதையும் இதே தாள் காட்டிக்கொடுக்கும்.

விசிறியைக் கழற்றிய பிறகுதான் மற்றதைக் கண்டோம். கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி முழுக்கப் பதரும் வைக்கோல் தூசியும் செம்மண்ணும் சேர்ந்து அடை போலப் படிந்திருந்தது. எங்கள் பகுதியில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, ஆனால் வன்னியில் ஓடும் கார்களுக்கு இது முதல் எதிரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காலபோக அறுவடை நேரம் வீதி ஓரம் முழுக்க நெல் காயப்போட்டிருக்கும். முன்னால் போகும் வாகனம் பதரைக் கிளப்பிவிடும், பின்னால் போகிறவர் அதை உள்ளே இழுப்பார். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் இடங்களில் ஆவணி புரட்டாதியில் இன்னொரு சுற்று. மாலையில் குளக்கட்டுப் பக்கமாக ஓடினால் பூச்சிகள். உள்ளூர் வீதிகளின் கிறவல் தூசி இவற்றையெல்லாம் ஒட்டவைத்துவிடும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கொண்டென்சர் சுத்தமாகவே தெரியும், அழுக்கு அதன் முதுகில்தான் இருக்கும்.

கழுவும்போது கவனம் வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து காற்றுப் போகும் வழியே அடைபட்டுவிடும். சாதாரணத் தண்ணீர்க் குழாயால், என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுக்கு வந்த வழியாலேயே அதை வெளியே தள்ள வேண்டும். மடிந்த தகடுகளைப் பழைய பல் துலக்கியாலும் மெல்லிய குச்சியாலும் நேராக்கலாம். பிறகு, கூட்டி அடித்திருந்த காஸை எடுத்துவிட்டு, பொனற்றின் உட்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து அடித்தோம். சின்னக் கார்களுக்கு 300 முதல் 500 கிராம் வரைதான் தேவை. இவ்வளவு சிறிய அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். தராசு வைத்து அடிக்காத இடத்தில் காஸ் அடிக்க நான் இப்போது சம்மதிப்பதில்லை.

இந்த இடத்தில் காஸின் அழுத்தம் பார்க்கும் கேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஜைப் பூட்டியவுடன் என்ஜின் ஓடாமலேயே "பாருங்கோ, 100 காட்டுது, காஸ் நல்லா இருக்கு" என்பார்கள் சிலர். நிறுத்திய நிலையில் கேஜ் காட்டுவது வெளி வெப்பநிலையைத்தான். உள்ளே ஒரு கரண்டி திரவம் மிஞ்சியிருந்தாலும் 30 பாகை வெப்பத்தில் 100 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் காட்டும், முழு அளவு இருந்தாலும் அதையேதான் காட்டும். எவ்வளவு காஸ் இருக்கிறது என்பது அதில் தெரியாது. எங்கள் வெயிலில் என்ஜின் ஓடும்போது தாழ்பக்கம் (கொம்பிரசர் ஆவியை இழுக்கும் பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையும், உயர்பக்கம் (நசுக்கி அனுப்பும் பக்கம்) 200 முதல் 250 வரையும் நின்றால் பொதுவாக நல்லது. இரண்டும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் விசிறி, அடைப்பு, கூடிய காஸ் அல்லது உள்ளே காற்றுக் கலப்பு. தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்து இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கொம்பிரசர் களைத்துவிட்டது. தாழ்பக்கம் சைபருக்குக் கீழே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு கேஜையும் பூட்டும்படி கேளுங்கள். ஒற்றைக் கேஜால் பாதிக் கதைதான் தெரியும்.

காஸ் உண்மையிலேயே குறைந்த அனுபவமும் எனக்குப் பிறகு வந்தது. இந்த முறை ஓடும்போதும் குளிரவில்லை. கொம்பிரசரை என்ஜினோடு இணைத்து விடும் கிளட்ச் டிக், டிக் என்று சில விநாடிக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விட்டது. அழுத்தம் சுமார் 2 பாருக்கு (ஏறக்குறைய 29 பிஎஸ்ஐ) கீழே போனால் கொம்பிரசரைக் காப்பாற்ற ஒரு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். நின்றவுடன் அழுத்தம் ஏறும், மறுபடி பிடிக்கும், மறுபடி வெட்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஏசியை நிறுத்திவிடுங்கள். காஸோடு சேர்ந்துதான் கொம்பிரசருக்கு ஓயில் சுற்றுகிறது; காஸ் குறைந்தால் ஓயிலும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

காஸ் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது வெளியேறும் இடத்தில் கொஞ்சம் ஓயிலையும் விட்டுச்செல்லும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். ஆகவே தேடவேண்டியது எண்ணெய்க் கறையை: குழாய் மூட்டுகள், கொம்பிரசரின் முன்பக்கம், கொண்டென்சரின் கீழ் மூலைகள். என் காரில் கொண்டென்சரின் கீழ் வரிசையில் கறை இருந்தது. ஒட்டுசுட்டான் உள்வீதிகளின் கிறவல் கல் பட்ட தழும்பு. முல்லைத்தீவுக் கரையோரத்தில் நிற்கும் வாகனங்களில் உப்புக்காற்றால் அரித்தும் இதே இடம் போகும். மோட்டார் கடையில் பழைய கொண்டென்சர் ஒன்று கிடைத்தது. வெல்டிங் செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார். குழாய் மூட்டு என்றால் ஒத்துக்கொள்வேன், ஆனால் அத்தனை மெல்லிய பகுதியில் வெல்டிங் நெடுநாள் நிற்கும் என்று நான் நம்பவில்லை.

தொகுதியைத் திறந்துவிட்டால் சில வேலைகளைக் குறுக்குவழியில் முடிக்க விடக்கூடாது. டிரையர் புதிதாகப் போட வேண்டும், அது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். மூட்டுகளின் ஓ-றிங் ஏசிக்கென்று வருகிறது, பெரும்பாலும் பச்சை நிறம். கண்ட றப்பர் வளையத்தைப் போட்டால் அது இறுகி வெடிக்கும். பூட்டிய பிறகு நைதரசன் அடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வக்கூம் பம்பைப் பூட்டிக் குறைந்தது அரை மணித்தியாலம் இழுக்க வேண்டும். அழுத்தம் அவ்வளவு தாழ்ந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறும். ஐந்து நிமிடத்தில் பம்பைக் கழற்ற முனைந்தவரை, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் தம்பி, நான் இருக்கிறன்" என்று சொல்லி உட்கார்ந்தே இருந்தேன். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், ஓயிலோடு சேர்ந்து உள்ளே அரிக்கும்.

மலிவாக இருக்கிறது என்று எரியக்கூடிய காஸைக் கலந்து அடிக்கும் பழக்கத்துக்கு யாரும் இடம் கொடுக்காதீர்கள். குளிர் வரும், அதை நான் மறுக்கவில்லை. கூலிங் கொயிலில் கசிந்தால் அது வந்து நிறைவது கண்ணாடி மூடிய காருக்குள், உங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்தில்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் அரை மணித்தியாலம் நல்ல குளிர், பிறகு காற்றின் அளவே குறைந்து சூடாகி, நிறுத்தி வைத்தால் அடியில் நிறையத் தண்ணீர் கொட்டி, மறுபடி குளிர் வருகிறது என்றால் கூலிங் கொயில் உறைகிறது. ஏசி பில்ற்றரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் தூசிக்கு அது புத்தகத்தில் சொல்லும் காலத்துக்கு முன்னமே அடைபடும். பில்ற்றர் சுத்தம் என்றால் கொயிலில் செருகியிருக்கும் வெப்பநிலை சென்சரைச் சந்தேகியுங்கள். காற்றின் அளவு குறையாமலே நீண்ட ஓட்டத்தில் குளிர் மட்டும் போய், என்ஜின் ஆறியபின் வருகிறது என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். சூட்டில் கிளட்சின் மின்காந்தச் சுருளின் இழுவை குறைந்து தட்டைப் பிடிக்க முடியாமல் போகும். சில கிளட்சுகளில் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய வளையத்தைக் கழற்றினாலே இடைவெளி சரிவரும், கொம்பிரசர் மாற்றத் தேவையில்லை. கொம்பிரசர் அறவே பிடிக்கவில்லை என்றால் முதலில் பியூசும் றிலேயும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டு முற்றத்துக்கு வரும், வாகனத்தின் வயரைக் கடிக்கும். அழுத்த சுவிட்சுக்குப் போகும் வயரை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஏசிக் குழாய் கையில் சில்லென்று இருக்கிறது, காற்று மட்டும் சூடு என்றால் டாஷ்போட்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு சிக்கியிருக்கும். முன் சீற்றின் கால் விரிப்பு நனைந்திருந்தால் தண்ணீர் வடியும் குழாயில் சேறோ குளவிக்கூடோ இருக்கும், கீழிருந்து மெதுவாகக் குத்தினால் போதும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. இப்போது வன்னியிலும் அவை நிறைய ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் கொம்பிரசர் பெல்ற்றால் ஓடுவதில்லை, பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கக்கூடாது. அதைவிட முக்கியம் ஓயில். சாதாரணக் கார்களுக்கு விடும் பிஏஜி ஓயில் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஹைபிரிட் கொம்பிரசருக்கு பிஓஈ வகை ஓயில்தான் விட வேண்டும். பிழையான ஓயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்புக் குறைந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, கார் ஓடாமலே நின்றுவிடலாம். ஹோஸில் மிஞ்சிய பழைய ஓயில் கூடப் போதும். ஆகவே அந்தக் கேஜை முன்னர் எந்தக் காருக்குப் பூட்டினார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. இன்னொன்று, இந்தக் கார்களில் பலவற்றின் பெரிய பற்றரி குளிர்வதும் காருக்குள் இருக்கும் காற்றால்தான். பின் சீற்றுக்கு அருகில் அதற்கான காற்றுத் துளை இருக்கும். அரிசி மூட்டையையோ பயணப் பையையோ வைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

ஓட்டும் முறையிலும் சிலதை மாற்றிக்கொண்டேன். வெயிலில் நின்ற காருக்குள் ஏறியவுடன் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, கொஞ்சத் தூரம் ஓடி, உள்ளே இருக்கும் அனலை வெளியே விட்ட பிறகுதான் மூடுகிறேன். பிறகு வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்ற விடுகிறேன். மாரியிலும் கிழமைக்கு ஒருதடவையாவது ஏசியைக் கொஞ்ச நேரம் போடுகிறேன். கொம்பிரசரின் சீல் ஓயில் படாமல் காய்ந்தால் அதுவே கசிவாகிவிடும். முன் கண்ணாடியில் படியும் பனிப்புகாரும் ஏசியால் போகும்.

கராஜிலிருந்து காரை எடுக்கும்போது சமையலறை வெப்பமானி ஒன்றை நடுக் காற்றுவாயில் செருகிப் பாருங்கள். ஓடும்போது 6 முதல் 10 பாகைக்குள் வந்தால் திருப்தியாக இருக்கலாம். அதோடு விடாமல் கராஜ் வாசலிலேயே கால் மணித்தியாலம் என்ஜினை ஓடவிட்டு நின்று பாருங்கள். குளிர் ஓரளவு கூடிக் குறையும், ஆனால் சூடாகக் கூடாது. விட்ட காஸ் எத்தனை கிராம், எந்த ஓயில், எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை வேறு ஒருவரிடம் போனாலும் அவர் அந்தத் தாளிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.